வெப்பமண்டலக் காடுகளைப் பாடமாக எடுக்கப் போகிறவருக்கு

துறைக் கூட்டத்தில் புதிய பாடம் ஒன்று யாராவது ஒருவர் தலையில் வந்து விழும். இந்த முறை அது உங்கள் தலை. ‘வெப்பமண்டலக் காடுகளின் பாதுகாப்பு’ என்று தலைப்பு, கீழே நாலு வரி விளக்கம், கையில் 14 வாரம். அவ்வளவுதான் கொடுப்பார்கள்.

எனக்கும் இப்படித்தான் வந்தது. முதல் வருடம் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அமேசானில் எவ்வளவு போயிற்று, போர்னியோவில் எவ்வளவு போயிற்று, காங்கோவில் இனி எவ்வளவு போகும் என்று வாரத்துக்கு ஒரு கண்டமாக இழப்புக் கணக்கு வாசித்தேன். எரியும் காட்டின் படம் இல்லாமல் ஒரு ஸ்லைடு கிடையாது. ஐந்தாவது வாரம் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சா? பிறகு எதுக்கு இதைப் படிக்கிறோம்?” யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. மீதி வாரங்கள் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரியே கழிந்தன.

அடுத்த வருடம் உலகம் முழுவதையும் சுற்றிக்காட்டும் ஆசையை விட்டேன். நாலு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு காட்டைக் கொடுத்தேன். செமஸ்டர் முடியும்வரை அது அவர்கள் காடு. மண், மரம், விலங்கு, சட்டம், பணம், அங்கே வாழும் மக்கள் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் “உங்கள் காட்டில் இது எப்படி?” என்ற கேள்வியில்தான் வகுப்பு முடியும். மாணவர்கள் தங்கள் காட்டுக்காகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஏற்பாட்டை வைத்துத்தான்.

முதல் வகுப்புக்கு முன்: காடுகளைத் தேர்ந்தெடுப்பது

ஐந்தாறு காடுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: ஒரு வரைபடம், வெவ்வேறு ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்கள், ஒரு அரசு அறிக்கை, அதோடு முரண்படும் இன்னொரு அறிக்கை. முரண்பாடு கட்டாயம் வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் பேசுகிற கோப்பில் மாணவருக்குச் செய்ய வேலையே இருக்காது.

எல்லாமே அழிவுக் கதையாக இருக்கக் கூடாது, எல்லாமே வெற்றிக் கதையாகவும் இருக்கக் கூடாது. என் பட்டியலில் வழக்கமாக இருப்பவை இவை. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலம்: பி.ஆர்-364 நெடுஞ்சாலைக்கு 1984-இல் தார் போட்ட பிறகு, கிளைச் சாலைகள் வழியாகக் காடு மீன்முள் வடிவத்தில் வெட்டுப்பட்டதைச் செயற்கைக்கோள் படத்தில் அப்படியே பார்க்கலாம். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான்: 1990-களின் நடுவில் சதுப்புக் காட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, சுமார் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் பார்த்தார்கள். நெல்லும் சரியாக விளையவில்லை; தண்ணீர் வடிந்து காய்ந்துபோன பீட் மண் (பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்து உண்டான மண்), 1997 வறட்சியில் தீப்பிடித்து மாதக்கணக்கில் புகைந்தது. ஈக்வடாரின் யாசுனி தேசியப் பூங்கா, கோஸ்டா ரிக்கா, பனாமாவின் பாரோ கொலராடோ தீவு, ரியோ டி ஜெனிரோ நகரத்துக்குள்ளேயே இருக்கும் திஜூக்கா ஆகியவை மற்றவை. ஒவ்வொன்றையும் பற்றிப் பொதுவெளியில் நிறையக் கிடைக்கிறது என்பது முக்கியம். ஆங்கிலத்தில் நாலு பக்கம்கூடக் கிடைக்காத காட்டைக் கொடுத்தால் குழு மூன்றாவது வாரமே கைவிட்டுவிடும்.

குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்துவிடுங்கள். நண்பர்கள் சேர்ந்தால் ஒருவர் உழைப்பார், மூவர் பெயர் போடுவார்கள்.

முதல் வாரம்: காடு என்றால் என்ன?

இது அசட்டுக் கேள்வி போலத் தெரியும். பலகையில் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வரையறையைப் போடுங்கள்: 0.5 ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் விதான மூட்டம் (மரங்களின் தலைப்பகுதி நிலத்தை மூடும் அளவு), விவசாயத்துக்கோ நகரத்துக்கோ பயன்படாத நிலம். இந்த வரையறைப்படி ரப்பர் தோட்டம் காடு. எண்ணெய்ப்பனைத் தோட்டம் காடு அல்ல. அடியோடு வெட்டிய நிலம்கூட, மறுபடி மரம் வளரப்போகிறது என்றால் காட்டுக் கணக்கிலேயே நிற்கும். வகுப்பு ஒரு நொடி அமைதியாகி, அப்புறம் கொதிக்கும். ஒரு நாட்டில் காட்டுப் பரப்பு கூடியது என்ற செய்தியை அவர்கள் இனி பழைய கண்ணால் படிக்க மாட்டார்கள்.

சூழலியல்: எவ்வளவு போதும்?

தாவரவியல் பின்னணி உள்ளவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஆறு வாரம் சூழலியலே எடுத்துவிட்டு, பாதுகாப்புக்கு நேரம் இல்லையே என்று கையைப் பிசைவார்கள். மூன்று வாரம் தாராளம். பாதுகாப்பு முடிவு ஒன்றை மாற்றக்கூடிய சூழலியலை மட்டும் எடுங்கள்.

உதாரணமாக, அரிதான இனங்கள். பாரோ கொலராடோவில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் அடையாளத் தகடு மாட்டி, 1980-களின் தொடக்கத்திலிருந்து மறுபடி மறுபடி கணக்கெடுத்து வருகிறார்கள். அங்கே ஏறக்குறைய 300 மர இனங்கள். பல இனங்களுக்கு அந்த 50 ஹெக்டேர் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மரங்கள். ஏன் இப்படி? 1970-களின் தொடக்கத்தில் ஜான்சென், கானல் என்ற இரண்டு சூழலியலாளர்கள் தனித்தனியே சொன்ன விளக்கத்தை இங்கே கொண்டுவரலாம்: தாய்மரத்தின் அடியில் விழும் விதைகளை அந்த இனத்தையே தின்று பழகிய பூச்சிகளும் பூஞ்சைகளும் தேடி வந்து அழிக்கும், தூரம் போன விதைதான் பிழைக்கும். சரி, அப்படியானால் விதையைத் தூரம் கொண்டுபோவது யார்? பறவை, குரங்கு, வௌவால், அகூட்டி என்ற கொறிக்கும் விலங்கு. வேட்டையாடி அவற்றைத் தீர்த்துவிட்டால் மரங்கள் நிற்கும், காடு மெல்லத் தேயும். செயற்கைக்கோள் படத்தில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். இந்தச் சங்கிலியை ஒரு வகுப்பில் முழுதாக நடத்திவிடுங்கள். வேட்டைத் தடுப்பு ஏன் மரப் பாதுகாப்பும் ஆகிறது என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

சத்து மண்ணில் குறைவாகவும் உயிர்ப் பொருளில் அதிகமாகவும் இருப்பதைப் பற்றியும் சொல்லுங்கள். ஆனால் எல்லா வெப்பமண்டல மண்ணும் ஏழை மண் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எரிமலை மண்ணில் வளரும் காடுகளுக்கு அது பொருந்தாது.

ஒரு காகித வேலை

துண்டாடப்பட்ட காடுகளைப் பற்றிய வகுப்புக்கு ஸ்லைடே வேண்டாம். கட்டம் போட்ட தாள் கொடுங்கள். பிரேசிலின் மனௌஸ் நகருக்கு வடக்கே 1979-இல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிவைத்த ஆய்வில் 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை ஒப்பிட்டார்கள். அதே அளவுகளில் மூன்று சதுரங்களை வரையச் சொல்லுங்கள். விளிம்பிலிருந்து 100 மீட்டர்வரை காற்றும் வெயிலும் புகுந்து காட்டின் தன்மை மாறுகிறது என்று வைத்துக்கொண்டு, உள்ளே மீதி எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒரு ஹெக்டேரில் மீதி ஒன்றுமில்லை. பத்து ஹெக்டேரில் பக்க அளவு சுமார் 316 மீட்டர், இருபுறமும் 100 போனால் 116, உள்காடு சுமார் 1.35 ஹெக்டேர்தான். நூறு ஹெக்டேரில் 64. இதுவரை யாரும் அசர மாட்டார்கள். பிறகு அதே நூறு ஹெக்டேரை 200 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமுமான பட்டையாக வரையச் சொல்லுங்கள். உள்காடு பூஜ்யம். பரப்பு மாறவில்லை, காடு காணாமல் போய்விட்டது. காட்டின் குறுக்கே சாலை போடுவது பற்றிப் பிறகு எப்போது பேச்சு வந்தாலும் யாராவது அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த 100 மீட்டர் ஒரு வசதிக்காக எடுத்துக்கொண்ட எண் என்பதையும் சொல்லிவிடுங்கள். சில விளைவுகள் 20 மீட்டரில் நின்றுவிடும், சில பல நூறு மீட்டர் உள்ளே போகும். பெரிய மரங்கள் விளிம்பருகே காற்றில் சாய்வதுதான் மனௌஸில் தெரிந்த பெரும் சேதம்.

களப்பயணம்

இதைக் கடைசி வாரத்தில் சுற்றுலா மாதிரி வைப்பது வழக்கம். வைக்காதீர்கள். நான்காவது வாரத்துக்குள் முடித்துவிட்டால் மீதிப் பாடம் முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பேசலாம்.

அனுமதிக் கடிதத்தைச் செமஸ்டர் தொடங்கும் முன்பே அனுப்புங்கள். தேதி, வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் இருவர் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை கடிதத்தில் மாதம் மாறிப் போய், முப்பது பேரோடு அரை நாள் வாசலிலேயே நின்றிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். அன்று வாசலில் நின்ற மரங்களை அளந்தே பயிற்சியை முடித்தோம்.

காட்டுக்குள் போகுமுன் சொல்ல வேண்டியவை: தனியாக யாரும் நகரக் கூடாது, செருப்பு கூடாது, கணுக்காலை மூடும் காலணி வேண்டும், கையை வைக்கும் முன் பார்க்க வேண்டும், பலத்த காற்று வந்தால் பட்ட மரங்களுக்கும் உலர்ந்த கிளைகளுக்கும் அடியில் நிற்கக் கூடாது. பாம்பைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள். எனக்குப் பயம் கிளைகள் மேலும், திடீரென்று ஏறும் ஓடைகள் மேலும்தான். அட்டைக்கு யாரும் சாவதில்லை, ஆனால் அட்டை ஏறிய கதையைத்தான் பட்டமளிப்பு விழாவில்கூடச் சொல்வார்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, மருந்து விவரங்களை முன்பே ரகசியமாக வாங்கி வையுங்கள். பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், எங்கே செல்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்பதை முதல் முறை நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலை ஒன்றே ஒன்று கொடுங்கள். 20-க்கு 20 மீட்டர் கட்டம் போட்டு, உள்ளே உள்ள மரங்களின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது. சுற்றளவை π-ஆல் (சுமார் 3.14) வகுத்தால் விட்டம். பலகைவேர் (அடிமரத்திலிருந்து பலகை போல விரியும் வேர்) உள்ள மரமென்றால் வேர் முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். அளந்த உயரத்தையும் எழுத வேண்டும். சாய்வு நிலத்தில் எந்தப் பக்கத்திலிருந்து 1.3 மீட்டர்? இரண்டாகப் பிரிந்த தண்டு ஒன்றா இரண்டா? இந்தச் சண்டைகள் நடக்கட்டும். ஒரே கட்டத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளக்கவிட்டு, மாலையில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்கள் ஒத்துப்போகாது. ஒரு காட்டில் இவ்வளவு கார்பன் இருக்கிறது என்று எழுதிய அறிக்கையின் அடியில் இப்படிப்பட்ட ஈரமான தாள்கள்தான் இருக்கின்றன என்பது அன்று புரியும்.

பக்கத்தில் காடே இல்லையா? பல்கலைக்கழக வளாகத்தில் பத்து மரம் இருந்தாலும் அளக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். முதல் வருடம் அதுவே போதும்.

ஐந்தாவது வாரம்: திரும்பி வந்த காடுகள்

நல்ல செய்தியைக் கடைசி வகுப்புக்கு இனிப்பு மாதிரி எடுத்து வைக்காதீர்கள். நடுவிலேயே கொடுங்கள், அதையும் கேள்வி கேட்கவிடுங்கள். திஜூக்கா ஒரு காலத்தில் காப்பித் தோட்டம். நகரத்துக்குத் தண்ணீர் தட்டுப்பட்டதும் 1861 முதல் அங்கே மரம் நட்டார்கள். நட்டவர்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களும் உண்டு என்பதை விட்டுவிடாமல் சொல்லுங்கள். இன்று பார்ப்பவர் அதை ஆதிக் காடு என்றே நினைப்பார். ஆனால் விதை பரப்பும் விலங்குகள் பல அங்கே இல்லாமல் போயிருந்தன. நட்டு ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் அகூட்டியையும் பிறகு ஊளைக்குரங்கையும் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவது வாரத்துச் சங்கிலி நினைவிருக்கிறதா என்று கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கோஸ்டா ரிக்காவில் காட்டுப் பரப்பு 1980-களில் நாட்டின் கால் பங்கு அளவுக்குச் சுருங்கி, பிறகு பாதிக்கு மேல் ஏறியது. 1996 வனச் சட்டமும், காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளருக்குப் பணம் கொடுக்கும் திட்டமும்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாட்டிறைச்சித் தொழில் அதற்கு முன்பே நொடித்து, கைவிட்ட மேய்ச்சல் நிலங்களில் காடு தானாகவே எழத் தொடங்கியிருந்தது. இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு? இதைக் கோஸ்டா ரிக்கா குழு வாதாடட்டும்.

யார் வெட்டுகிறார்கள்?

மாணவர்கள் உடனே சொல்லும் இரண்டு பதில்: மக்கள்தொகை, ஏழை விவசாயி. இரண்டையும் பலகையில் எழுதி வையுங்கள், அழிக்காதீர்கள். பிறகு ஒரு வெட்டுப்பட்ட அடிமரத்திலிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். வெட்டியவர் யார், அவருக்கு யார் கூலி கொடுத்தார், அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது, அதற்குக் கடன் கொடுத்த வங்கி எது, சாலை போட்டது யார், விளைந்ததை எந்த நாடு வாங்குகிறது. மாடு, சோயா, எண்ணெய்ப்பனை, காகிதக்கூழ் என்று சங்கிலி நீளும். காங்கோ படுகையில் சிறு விவசாயமே பெரும் காரணமாக வரும். அமேசானில் மேய்ச்சல் நிலம். ஒரே பதில் எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதற்கு அடுத்த வகுப்பில் ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டுங்கள்: பிரேசில் அமேசானில் ஆண்டுதோறும் அழிந்த காடு. 2004-இல் கிட்டத்தட்ட 27,800 சதுர கிலோமீட்டர், 2012-இல் 4,600 அளவுக்கு இறங்கியது, 2021-இல் மறுபடி 13,000-ஐத் தொட்டது, அதன்பின் இறங்கியது. இறங்கிய காலத்தில் செயற்கைக்கோள் எச்சரிக்கை வந்தது, பாதுகாக்கப்பட்ட பகுதிகள் கூடின, புதிதாக அழித்த நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று வணிகர்கள் 2006-இல் ஒப்பந்தம் போட்டார்கள், சட்டம் மீறியவர்களுக்கு வங்கிக் கடன் இறுகியது. எது வேலை செய்தது? ஒரு முழு வகுப்பு இதற்கே போகும், போகட்டும். அந்தப் பின்வரிசை மாணவிக்கு நான் அன்று காட்டியிருக்க வேண்டிய படம் இதுதான்.

கணினி வகுப்பு ஒன்று வையுங்கள். 30 மீட்டர் துல்லியத்தில் மர இழப்பைக் காட்டும் இலவசத் தரவு 2013 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதில் ஒரு பொறி உண்டு: மர இழப்பும் காடழிப்பும் ஒன்றல்ல. தோட்டத்தில் மரம் அறுவடை செய்தாலும் வரைபடத்தில் அது இழப்பைக் குறிக்கும் சிவப்பாகத்தான் தெரியும். ஒவ்வொரு குழுவும் தங்கள் காட்டில் ஒரு சிவப்புப் புள்ளியை எடுத்து, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று தேடி எழுத வேண்டும்.

மக்கள்

இந்தப் பகுதியை ‘விழிப்புணர்வு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும் பாடத்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் வாழ்பவருக்கு விழிப்புணர்வு போதாமல்தான் காடு போகிறது என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. பிரேசிலின் அக்ரே மாநிலத்து ரப்பர் பால் எடுப்பவரான சிக்கோ மெந்தெஸ், காட்டை மேய்ச்சல் நிலமாக்குவதைத் தடுத்ததற்காக 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டிலேயே பிழைப்பவர்கள் காட்டை விட்டுப் போகாமல் அதைக் காக்கும் ‘சேகரிப்புக் காப்பகம்’ என்ற ஏற்பாட்டை முன்னெடுத்தவர்கள் அவரும் அவர் கூட்டாளிகளும்தான். இன்னொரு பக்கம், பூங்கா அமைக்கிறோம் என்று மக்களை வெளியேற்றிய வரலாறும் பல நாடுகளில் உண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் வையுங்கள்.

காட்டோடு வாழும் ஒருவரை வகுப்புக்கு அழைக்க முடிந்தால் அழையுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுங்கள். என்ன பேசுவது என்பது அவர் முடிவு.

அப்புறம் யாசுனி நாடகம். 2007-இல் ஈக்வடார் அரசு, உலக நாடுகள் 360 கோடி டாலர் தந்தால் யாசுனியின் ஒரு பகுதியில் உள்ள எண்ணெயை எடுக்காமல் விடுகிறோம் என்றது. வந்தது மிகச் சொற்பம். 2013-இல் திட்டம் கைவிடப்பட்டது, பிறகு எண்ணெய்க் கிணறுகள் வந்தன. 2023 ஆகஸ்டில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் எண்ணெய் எடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். வகுப்பை 2007-இல் நிறுத்துங்கள். நிதியமைச்சர், அந்தக் காட்டில் வாழும் வவோரானி சமூகத்தினர், எண்ணெய் நிறுவனம், பணம் தரக் கேட்கப்படும் நாடு, உயிரியலாளர் என்று வேடம் கொடுத்து இரண்டு மணிநேரம் பேரம் பேசவிடுங்கள். பிறகு நடந்தது என்ன என்பதை முடிந்த பின்தான் சொல்ல வேண்டும். முன்பே படித்துவிட்டு வருபவர் ஒருவராவது இருப்பார். அவரை நேரம் பார்ப்பவராகப் போடுங்கள். காட்டை நேசிக்கும் மாணவருக்கு எண்ணெய் நிறுவன வேடம், மறுத்துப் பேசுபவருக்குச் சமூக வேடம். வெளி உலகத்தோடு தொடர்பே வேண்டாம் என்று அதே காட்டில் வாழும் குழுக்களுக்காக யார் பேசுவது? அந்த நாற்காலியைக் காலியாகவே விடுங்கள். யாராவது அதைக் கவனித்துக் கேட்பார்கள்.

மதிப்பெண்

மனப்பாடத் தேர்வு வேண்டாம் என்று சொல்ல எல்லாப் பல்கலைக்கழகமும் விடாது. விடுகிற அளவுக்குள், பாதி மதிப்பெண்ணையாவது இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் காட்டைப் பற்றி முடிவெடுக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட அதிகாரிக்கு எழுதுவது. ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற வாக்கியம் வந்தால் இரண்டு மதிப்பெண் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். எந்தத் துறை, எந்த நிலத்தில், எந்தப் பணத்தில், யார் எதிர்ப்பார்கள் என்று எழுத வேண்டும். முதல் வரைவைத் திருத்திக் கொடுத்து, இரண்டாவதற்குத்தான் மதிப்பெண். களக்குறிப்பேட்டுக்குத் தனி மதிப்பெண் உண்டு. மண்ணும் மழையும் பட்ட குறிப்பேட்டை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட முடியாது.

மரம் நடுவதே தீர்வு என்று முடியும் குறிப்புகள் நிறைய வரும். எந்த மரம், ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். இயற்கையான புல்வெளியில் மரம் நட்டால் அதுவும் ஓர் அழிவுதான். வேலி போட்டுத் தீயையும் மாட்டையும் தடுத்தாலே தானாக எழும் காட்டுக்கு நாற்றுப்பண்ணை தேவையில்லை.

கடைசி வகுப்பன்று விரிவுரை வேண்டாம். ஒவ்வொரு குழுவும் தங்கள் காட்டின் கோப்பை மேசையில் வைக்கட்டும்: நீங்கள் கொடுத்த தாள்கள், அவர்கள் சேர்த்தவை, விடை கிடைக்காத கேள்விகளின் பட்டியல். அந்தப் பட்டியல்தான் அடுத்த வருடக் குழுவுக்கு முதல் நாள் கையில் கிடைக்கும். எங்கள் ரொண்டோனியா கோப்பு இப்போது இரண்டு பெட்டிகளாகிவிட்டது. மூன்றாவதற்கு அலமாரியில் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.